சுக்கானுக்கு ஒரு இடது கை

படகை விற்றுவிடலாம் என்று என் கணவர் சொன்ன அன்று, வந்த கோபத்தில் குக்கருக்கு வெயிட் போட மறந்து அடுப்பில் ஏற்றிவிட்டேன். பருப்பு வேகவே இல்லை. அதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மர்பி டவுனில் இரண்டு அறை வீட்டில் இருப்பவர்களுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர் ராணுவத்தில் இருந்தவர். அல்சூர் ஏரியில்தான் பாய் கட்டவே கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்றதும், யாரோ கைவிட்டுப் போட்டிருந்த இருபது அடிப் படகு ஒன்றை வாங்கி, மைசூர் பக்கத்தில் ஓர் அணையின் நீர்த்தேக்கத்தில் நிறுத்தினோம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு அங்கே போவோம். அவருக்குச் சுக்கான், எனக்குப் பாய். வீட்டில் போடுகிற சண்டையைப் படகில் போட்டதில்லை, அங்கே அதற்கு நேரம் இருக்காது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் திரும்பிவிட்டன, இடது கை மட்டும் பாதிதான் திரும்பியது. டாக்டர் சரியென்று சொன்னதும் ஆசையாகப் படகுக்குப் போனோம். வலப்பக்கம் உட்கார்ந்தால் இடது கையால்தான் சுக்கானைப் பிடிக்க வேண்டும். பிடி நழுவியது. படகு சட்டென்று திரும்ப, பாயின் அடிக்கட்டை வீசி வந்து என் நெற்றியில் அடித்தது. நான்கு தையல். என்னைவிட அவருக்குத்தான் அது அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு அவர் படகில் ஏறவில்லை. வாங்குவதற்கு ஆளையும் பிடித்துவிட்டார். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"கை இல்லாதவனுக்குப் படகு எதுக்கும்மா? வுடு," என்றார்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தீபாவளிக்குள் இவரைப் படகில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

பொம்மசந்திராவில் சின்ன மோட்டார்கள் செய்கிற தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். போக வர கம்பெனி பஸ்ஸில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் போனில் ஆட்டோ பைலட் பற்றித்தான் படித்தேன். சின்னப் படகுக்கு என்றே ஒன்று இருக்கிறது. முழங்கை நீளக் குழல், அதிலிருந்து ஒரு தண்டு வெளியே வரும், உள்ளே போகும். தண்டின் நுனியைச் சுக்கான் பிடியில் மாட்டிவிட்டால் போதும். உள்ளே இருக்கும் திசைகாட்டி பார்த்துச் சொல்ல, மோட்டார் தள்ளியும் இழுத்தும் படகை நேராகக் கொண்டுபோகும். ஒரு மோட்டார், ஒரு கியர், ஒரு ரப்பர் சீல். இதைத்தானே நான் தினமும் பார்க்கிறேன்!

படகின் எடையை மட்டும் வைத்து அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று புரிந்தது. ஆளும் நங்கூரமும் தண்ணீர் கேனும் ஏறிய பிறகு என்ன எடையோ, அதற்கும் மேலே தாங்குவதை வாங்க வேண்டும். சிறியது போதும் என்று வாங்கினால் காற்று ஏறும்போது மோட்டார் திணறும். பெரியதையே வாங்கினேன்.

பார்சலைப் பிரித்ததும் அவர் ஒரே பார்வைதான் பார்த்தார்.

"எனக்கு பதிலா இத்த வாங்கினியா?"

"உங்களுக்கு பதிலா இல்ல, உங்க இடது கைக்கு பதிலா," என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது.

நானே போய் மாட்டினேன். சுக்கான் அச்சிலிருந்து ஒன்றரை அடி அளந்து பிடியில் ஒரு முளை, வலப்பக்க இருக்கையில் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவே குழல் மட்டமாகவும் பிடிக்குச் செங்கோணத்திலும் உட்கார வேண்டும். படகுத்துறையைப் பார்த்துக்கொள்கிற கன்னடக்காரர் வந்து இருக்கைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்தத் துறைக்காரரையே ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனேன். நூல் பிடித்ததுபோல் படகு போயிற்று.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். படகு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அடுத்த நாள் விஜயதசமி லீவில் அங்கே போய், வீட்டில் ஸ்கூட்டருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு படகு குடிகாரன் மாதிரி போனது. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், காற்றில் சாய்ந்தவுடன் தண்டு கிறுக்குப் பிடித்ததுபோல் தள்ளும். "ஏனாயித்து மேடம்?" என்று துறைக்காரர் கரையிலிருந்து கத்தினார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலை மாற்றினேன், சிலிக்கான் கிரீஸ் தடவினேன், பிளக்கில் பிடித்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். மேஜையில் பேட்டரியில் மாட்டிப் பார்த்தால் தங்கமாக வேலை செய்தது. படகில் மாட்டினால் மறுபடியும் அதே கூத்து. இரண்டாவது தடவையும் பிரித்தேன். மெஷினைத் திட்டினேன், செய்தவனைத் திட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மூன்றாவது தடவை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது எனக்கு அழுகை முட்டியது. அவர் பேப்பரைக் கீழே வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு படகைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எப்ப தப்புது? நேரா நிக்கும்போதா, சாயும்போதா?"

"சாயும்போது."

"இங்க சரியா இருக்குது, அங்க தப்புது. அப்போ தப்பு இதுல இல்ல, அங்க இருக்குது. பக்கத்துல இரும்பு ஏதாச்சும் வச்சியா? திசைகாட்டிய எடுத்தா துப்பாக்கியத் தள்ளி வைன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க."

"நான் ஒண்ணும் வைக்கல," என்று சத்தியம் செய்தேன்.

"நீ வைக்காட்டி வேற எவன் வைப்பான்? நான் வந்து பாக்கறேன்."

இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவு பாடு! முகத்தில் எதையும் காட்டாமல் சரி என்றேன்.

ஞாயிறு காலை வந்தார். நான் நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே படகில் ஏறினார். நேராக வலப்பக்க இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது கறுப்புக் கயிற்றில் கட்டிய குதிரை லாடம். குங்குமம்கூட அழியவில்லை. திருஷ்டி படக் கூடாது என்று விஜயதசமியன்று நானே கட்டியது! குழலுக்கு நேர் கீழே. படகு சாய்ந்தால் லாடம் ஆடும், லாடம் ஆடினால் திசைகாட்டி ஏமாறும். வாசலிலும் ஸ்கூட்டரிலும் தொங்குகிற பொருள், அதை இரும்பு என்றே நான் நினைத்ததில்லை. மோட்டார் சோதிக்கிறவள் என்று இனி வெளியில் சொல்ல முடியாது.

அவர் சிரித்தார். ஒரு வருஷமாகக் கேட்காத சிரிப்பு. "கண்ணு வேற யாரும் வைக்கல, நீதான் வச்ச," என்றார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

லாடத்தைத் துறைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பாய் ஏற்றினோம். படகு சாய்ந்தது. தண்டு சின்னச் சின்னதாகத் தள்ளி இழுத்து, நேராகப் பிடித்துப் போனது. வலது கட்டைவிரலால் அவர் ஒரு பட்டனை அழுத்தினார், படகு பத்து டிகிரி திரும்பியது. மறுபடி அழுத்தினார். எதிர்க்கரை வரை போய்த் திரும்பினோம்.

துறைக்கு வந்ததும், "நீ எறங்கு," என்றார்.

"ஏங்க?"

"ஒரு ரவுண்டு தனியா போயிட்டு வரேன்."

நாங்கள் இரண்டு பேரும் போவதற்காக நான் இவ்வளவும் செய்தால், இவர் என்னை இறக்கிவிடுகிறார். சுருக்கென்றது. ஆனாலும் இறங்கினேன். மிதவைச் சட்டையின் பெல்ட்டை இறுக்கி, அவர் இடுப்பையும் படகையும் சேர்த்துக் கயிறு கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். துறைக்காரர் மோட்டார் படகைத் தயாராக வைத்துக்கொண்டார்.

அவர் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன, எது அதிகம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நடுத்தண்ணீரில் இருக்கும்போது என் போன் அடித்தது. அவர்தான். பதறிப்போய் எடுத்தேன்.

"படகு வாங்கறேன்னு சொன்ன ஆளுக்கு போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க," என்றேன். "கைதான் சும்மா இருக்கே."