மோட்டார் ரூம் நிலையில் பூளைப்பூ

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் நிலைக்கு மேலே ஒரு காப்பு தொங்குகிறது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிய கொத்து. பொங்கலுக்கு முந்தின நாள் வீடு, மாடு கட்டும் கட்டுத்தரை, வெள்ளாமை செய்கிற காடு என்று எல்லா இடத்திலும் இதைச் செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டது அண்டாது என்பார்கள். வேப்பிலை உதிர்ந்துவிட்டது, ஆவாரம்பூ கருகிவிட்டது. பூளை மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அது என் பெரியப்பா கட்டியது. கழற்றி எறிய யாருக்கும் கை வரவில்லை.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை கண்ணில் படுகிற மேட்டுக்காடு எங்களுடையது. கல்லாங்குத்தில் ஆவாரை, வரப்போரம் தும்பை, மணல் சரிவில் பூளை, மேய்ச்சலுக்கு விட்ட இடம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். எத்தனை கோடை காய்ந்தாலும் ஒரே மழைக்குத் தூரிலிருந்து துளிர்த்துவிடும் புல் அது. இதையெல்லாம் யாரும் விதைத்ததில்லை. அதனாலேயே யாரும் மதித்ததுமில்லை. பெரியப்பாவுக்குக் காடு துடைத்து வைத்தாற்போல் இருக்க வேண்டும். புல் மண்டிய வரப்பை யாராவது பார்த்துவிட்டால் மானமே போய்விடும். அப்படி ஒரு வீம்பு.

அவர் கடைசியாகக் காப்புக் கட்டிய வருஷம், மார்கழிக் கடைசியில் களைக்கொல்லி வாங்கி வந்தார். "நோம்பிக்கு ஒரம்பரை வாராங்க சாமி, காட்டப் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார் என்னிடம், பொங்கலுக்கு வரப்போகும் உறவுக்காரர்களை நினைத்து. மருந்தடிக்கிற டேங்க் பழசு, மூடியோரம் கசியும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு அடித்தார். காப்புக்கு வேண்டுமே என்று பூளை நின்ற இடத்தை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டாராம். காற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியுமா? சாயங்காலம் அவர் சட்டை முதுகோடு தொப்பலாக ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, முதுகெல்லாம் ஈரமா இருக்குதுங்க" என்றார் பெரியம்மா.

"வேர்வ புள்ள, வேற என்ன?" என்று சிரித்தார். மார்கழிக் குளிரில் வியர்வை!

இரண்டு நாளில் வரப்பு முழுக்கத் தீய்ந்த நிறம். ஆடுகள் அந்தப் பக்கம் மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டன. நடுவில் பூளை மட்டும் வெள்ளையாக நின்றது. அதைப் பறித்துக் காப்புக் கட்டினார். ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டும் என்பதால் எப்போதும் கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஏறுவார்; அன்றும் அப்படித்தான் ஏறினார். பொங்கலன்று வாயெல்லாம் புண்ணாகி ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் முதுகுத் தோல் வெந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மருந்தடித்தாரா என்று கேட்டார்கள். தை முடிவதற்குள் போய்விட்டார். கசிந்த டேங்கா, கடித்த பூவா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்றும் இரண்டின்மேலும் பயம். அடுத்த மழையில் அந்த வரப்பும் கரைந்துபோனது. பிடித்துவைக்க வேர் இருந்தால்தானே?

இந்தப் பொங்கலுக்கு, நான் இப்போது குடியிருக்கும் அஸ்தம்பட்டியிலிருந்து ஊருக்குப் போனேன். காட்டை இப்போது என் தம்பி பார்க்கிறான். முன்பே மருந்தடித்த வரப்பெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. பழைய காப்பிலிருந்து விதை உதிர்ந்ததோ என்னவோ, மோட்டார் ரூம் வாசலில் ஒரே ஒரு பூளைச்செடி பூத்து நின்றது.

"காப்புக்கு ஆகும்னு அத மட்டும் உட்டுட்டு அடிச்சேன்க்கா" என்றான் பெருமையாக.

முதுகில் மாட்டியிருந்த மருந்து டேங்கை இறக்கி வைக்கத் திரும்பினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னடா ஈரம் அது?" என்று கத்தினேன்.

"வேர்வக்கா" என்று சிரித்தான்.

அவனைக் குழாயடிக்கு இழுத்துத் தள்ளி, சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட ஓடினேன். தலைக்கு மேலே அந்தக் காப்பு, வெள்ளை மாறாமல் தொங்கியது. தண்ணீர் கொட்டியது. சிரித்துக்கொண்டே குனிந்தான். முதுகு சிவந்திருந்தது.