தேவசகாயம் அண்ணாச்சியின் நான்கு பற்கள்

கோல் மார்க்கெட்டில் தயிர் வாங்கிக்கொண்டிருந்தேன். நம் பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் ரத்தினம் சைக்கிளை நிறுத்தி, "தேவசகாயம் அண்ணாச்சி போயிட்டாருப்பா. காலையில, நெஞ்சு வலி" என்றான். ராணுவ பேண்டில் அவரோடு நின்று வாசித்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதலாக எழுத எனக்கு எதுவும் வரவில்லை.

பாளையங்கோட்டைக்காரரான ஹவில்தார் தேவசகாயம்தான் நமக்கு முதல் டிரம்பெட். பக்கத்தில் நான், சைட் டிரம். ஜனவரி அணிவகுப்புக்கான ஒத்திகையில், மூடுபனிக்குள் முன்வரிசை திடீரென்று நின்றுவிட்டது. ஊதிக்கொண்டே நடந்த அண்ணாச்சி முன்னால் இருந்தவன் முதுகில் மோதினார். டிரம்பெட் வாய்க்குள் இடித்து, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. ரத்தம் ஒழுக ஒழுக அவர் முதலில் பார்த்தது டிரம்பெட் நசுங்கியிருக்கிறதா என்றுதான். அப்படி ஒரு மனிதர்.

கழற்றி மாட்டும் பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். உதட்டை அழுத்தியதும் அது நழுவியது. காற்று புஸ்ஸென்று போனது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தார்கள், தடியன்கள். "பல்லில்லாம சோத்தைக் குழைச்சுத் தின்னுரலாம்வே. இதைக் குழைச்சு ஊத முடியுமா?" என்றார் அண்ணாச்சி என்னிடம்.

வெளிநாட்டில் படித்துவந்த சாணக்யபுரி பல் டாக்டர் ஒருவர் புது வழி சொன்னார். தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகளை இறக்கி ஈறைத் தைத்து மூடிவிடுவார். அரை வருஷத்தில் எலும்பு வளர்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் நான்கு பற்கள் சேர்ந்த பாலத்தை அந்த இரண்டின் மேல் அசையாமல் பூட்டுவார். "தப் தக் டிரம்பெட் பில்குல் நஹீ", அதுவரை டிரம்பெட் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணாச்சி டிரம்பெட்டைப் பெட்டியில் பூட்டிச் சாவியை மனைவி ஞானம் அக்காவிடம் கொடுத்துவிட்டார். மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு யார் போனாலும், "வர்ற ஜனவரிக்கு நாந்தாம்வே ஃபர்ஸ்ட்" என்பார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஈறைத் திறந்து பார்க்கும் நாளில் நான் துணைக்குப் போனேன். டாக்டர் தொட்டதும் திருகு அவர் விரலோடு சுற்றியது. மற்றதும் அப்படியே.

"ஹட்டி நே பக்டா நஹீ" என்றார். எலும்பு பிடிக்கவில்லை. ஊதினீர்களா என்று கேட்டார்.

"நஹீ சாப். டிரம்பெட்டைத் தொடவே இல்லை" என்று இந்தியில் சத்தியம் செய்தார் அண்ணாச்சி. பிறகு, எதையும் மறைக்கக் கூடாதென்று, டிரம்பெட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த, உதட்டில் பொருத்தி ஊதும் மௌத்பீஸைப் பையிலிருந்து எடுத்தார். "பஸ் யே, சாப். ரோஜ் சுபஹ்" என்று, இது மட்டும்தான், தினமும் காலையில் என்று, அதை ஊதிக் காட்டப் போனார். டாக்டர் போட்ட ஊசியில் மரத்துப்போன உதட்டில் அது நிற்கவில்லை.

நமக்குத் தெரியும். டிரம்பெட்காரன் காய்ச்சலில் படுத்தாலும் மௌத்பீஸை மட்டும் வாயில் வைத்துக் கொஞ்சம் ஊதிக்கொள்வான், உதடு பழக்கம் விட்டுவிடக் கூடாதென்று. நம்மில் எவன் அதை ஊதுவது என்று சொல்லியிருக்கிறான்? டிரம்பெட்டோ மௌத்பீஸோ, ஈறுக்கு இரண்டும் ஒரே அழுத்தம்தான் என்று டாக்டர் விளக்கினார். திருகுகள் ஆடி ஆடி எலும்பும் கரைந்துவிட்டது, இனி புதிதாக இறக்க இடமில்லை என்றார். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் "அச்சா சாப்" என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "உதட்டைப் படுக்கவிட்டா எந்திரிக்காதுன்னுதானவே செஞ்சேன்?"

அவரை வாத்தியங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். மற்றவர்களின் டிரம்பெட்டுகளைத் துடைத்துக் கொடுத்தார். நாம் வாசிக்கத் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொள்வார். பணி ஓய்வுக்குப் பிறகு நம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு சத்தம்தான். வாசிக்கும்போது பேண்ட் மாஸ்டரின் கையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊதப்போகும் முன் அண்ணாச்சி மூச்சை இழுப்பார். அது காதில் விழுந்ததும் குச்சியை இறக்குவேன். இப்போது பக்கத்தில் நிற்பவன் நன்றாகத்தான் ஊதுகிறான். நான் இன்னும் அண்ணாச்சியின் மூச்சுக்குக் காத்திருந்து, பிந்தியே அடிக்கிறேன்.