அக்காவின் நொதியும் அப்பாவின் மாலைகளும்

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தேநீர் நிறத் திரவம் நிரம்பிய கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. பட்ட மரத்தில் முளைக்கும் ஒருவகைக் காளானைத் தவிட்டில் வளர்த்து, அது சுரக்கும் நொதியை வடிகட்டி அக்கா அதில் சேமித்திருந்தாள். கல்லூரி ஆய்வகத்தின் குளிர்பெட்டி பழுதாகிவிட்டதால் அது எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. மருத்துவமனையில் செவிலியாக இருந்த அம்மா, யாரும் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாக அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினாள். தயிர் வேண்டுமானால் புட்டியை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். நகர்த்தினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். “யாரும்மா புட்டியத் தொட்டது?” என்று கேட்பார். வீட்டில் நான் எதை நகர்த்தினேன் என்று அதற்குமுன் அவர் கேட்டதே இல்லை.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளில், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலைகளுக்குப் பூட்டுப் போட்டபோது, அவருடைய ஆலையும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. அக்கா விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மாலை நேரப் பணி. பள்ளிவிட்டு வந்ததும் நான் அப்பாவுக்கு நாளிதழை உரக்க வாசித்துக் காட்டுவேன். செய்திக்குச் செய்தி அவர் சண்டை போடுவார். சிரிக்க வைத்தால் என் தோளைத் தட்டுவார். ஆலை திறந்து, புதிதாகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தில் அவரை அமர்த்திய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஊரார் சபித்த கழிவுநீர்தான் அவரை எனக்குத் தந்தது என்று நான் ரகசியமாக நம்பினேன்.

அக்கா ஆய்வுக்கென்று வீடு திரும்பியபோது நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். நாம் விழுங்கும் வலி மாத்திரையும், சோப்பில் கலந்த கிருமிநாசினியும், பூசும் களிம்பும் உடலைவிட்டுக் கழன்று சாக்கடைக்குப் போகின்றன. வழக்கமான சுத்திகரிப்பில் அழுக்கும் நாற்றமும் நீங்கினாலும் இவற்றில் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. அவற்றின் கட்டமைப்பைக் காளானின் நொதியால் கலைத்துவிடலாம் என்பது அவளுடைய ஆய்வு. கழிவுநீரைப் பற்றிப் பேச வீட்டில் ஒருவர் கிடைத்ததும் அப்பாவின் மாலைகள் முழுவதும் அவளுக்குப் போயின. “புளிப்பு ஜாஸ்தியானா உன் நொதி தாங்குமா? சூடு கம்மியானா இன்னா ஆவும்?” என்று தேநீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். நாளிதழோடு நான் வந்து நின்றால், “வச்சிட்டுப் போம்மா, அப்புறம் பாக்கறேன்” என்பார். எனக்குள் எரிந்தது. நான் படித்த எந்தப் பாடலைப் பற்றியும் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கல்லூரிக் குழாய்நீரில் மருந்தைக் கரைத்துச் செய்த சோதனையில் நொதி நன்றாகவே வேலை செய்தது. அம்மாவின் மருத்துவமனைச் சாக்கடை நீரிலோ ஒவ்வொரு முறையும் தோற்றது. நொதியைக் கலந்த பிறகும் மருந்து அப்படியே இருந்தது. நொதியைக் கெடுக்கும் குளோரினைப் போடுவார்களா என்று அக்கா முதலிலேயே கேட்டிருந்தாள். “அது கடைசித் தொட்டியிலதான், நீ எடுக்கற எடத்துல இல்ல” என்றாள் அம்மா. அது உண்மைதான். வாசனையிலாவது கண்டுபிடித்திருக்கலாமே என்றால், தோல் நாற்றம் ஊறிய எங்கள் ஊரில் மூக்கை நம்பி யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஆய்வு நெறியாளர் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார். அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். அவளைப் பார்த்து அப்பாவும் குறைத்தார். அது எனக்கு இன்னும் கசந்தது.

ஒருநாள் மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா என்னை நிறுத்தினார்.

“உங்க அக்கா எப்ப வர்றாங்க? முன்னாடியே சொல்லிடுங்கம்மா. அவங்க வந்தாலே எங்களுக்குப் பேஜாரு.”

“ஏன் ஆயாம்மா?”

“சிஸ்டர் பொண்ணு நம்ம சாக்கடையப் பாக்க வருதுன்னா, அப்டியே உட முடியுமா? மூட்டப் பிரிச்சி பிளீச்சிங் பவுடரக் கொட்டித் தேச்சிடறோம். பெரிய டாக்டர் வந்தாகூட இவ்ளோ போட்டதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேதியியல் எதுவும் தோன்றவில்லை. அப்பாவைச் சிரிக்க வைக்கக்கூடிய ஒரு கதை நெடுநாளுக்குப் பிறகு கைக்கு வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ஆயாம்மாவின் குரலிலேயே சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தி, என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்தார்.

“பவுடரு,” என்றார்.

“நொதியக் கொன்னுட்டிருக்கு,” என்றாள் அக்கா.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். கை கழுவும் சத்தமும், பிறகு கூடத்தில் நெடுநேரம் பேச்சும் கேட்டன. என் கதையின் கடைசி வரியை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. “நீயாவது சாப்பிடுடி,” என்றாள் அம்மா.

அடுத்த முறை அக்கா யாருக்கும் சொல்லாமல் போய் நீர் எடுத்தாள். நொதி வேலை செய்தது. மருந்தில் பெரும்பகுதி கலைந்திருந்தது. தலைப்பும் தப்பியது. “எங்க பெரியவ கண்டுபிடிச்சிட்டா” என்று தேவாலய வாசலில் அப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். “இல்லப்பா, சின்னவ சொன்னதாலதான்” என்று அக்கா ஒவ்வொரு முறையும் திருத்தினாள். அவள் நியாயமாக நடந்துகொண்டது எனக்கு உதவவில்லை. வஞ்சித்திருந்தால் வெறுக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அக்கா இப்போது வடக்கே ஒரு நகரத்தில் வேலையில் இருக்கிறாள். நான் முதுகலை படிக்கிறேன். முழங்கால் வலியால் அப்பா வேலையை விட்டுவிட்டார். மாலையில் அவருக்குக் களிம்பு தேய்ப்பது என் பொறுப்பு. அந்த நேரம் எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன். முதல் நாள் தேய்த்து முடித்துக் குழாயடிக்கு எழுந்தபோது கூப்பிட்டார்.

“ஏம்மா, அப்டியே கழுவாத. பழைய துணியில தொடச்சிக் குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவு. மருந்து தண்ணியில போய்ட்டா எடுக்கறது கஷ்டம்னு அக்கா சொல்லியிருக்கா.”

துடைத்தேன். விரலிடுக்குகளையும் துடைத்தேன். அப்பா கண்ணயர்ந்துவிடும் நாட்களிலும் அப்படித்தான் செய்கிறேன். அவருடைய முழங்காலுக்கும் என் கைக்கும் நடுவில்கூட அக்கா இருக்கிறாள்.