கரண்டும் வேப்பிலையும்

எனக்கு வந்தது சாதாரணக் கட்டி இல்லை, அபூர்வமான ஜாதி என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது காதுக்குக் கீழே, எச்சில் சுரப்பியில் முளைத்திருந்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்கக்கூட என்னை இத்தனை பேர் வந்ததில்லை. அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு ஒட்டிக்கிடந்த முக நரம்பை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, இடது கண் சரியாக மூட மறுத்தது. வேரில் ஏதாவது மிச்சம் இருக்கலாம், அதைப் பொசுக்கக் கதிர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் அதற்குக் கரண்ட் வைப்பது என்று பெயர். கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கட்டம் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கோடு அழியக்கூடாது, அங்கே தண்ணீர் படக்கூடாது, எண்ணெயோ மஞ்சளோ தடவக்கூடாது. ஞாயிறு தவிர ஒரு நாளும் தவறக்கூடாது. விட்டுவிட்டு வைத்தால் மிச்சமிருப்பது மறுபடி தலைதூக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடித்தனம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தாள். மத்தியானம் வடையும் பஜ்ஜியும் போட்டுக் கூடையில் எடுத்துப்போய் பஸ் நிறுத்தத்தில் விற்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான், அதனால் எங்களுக்குள் சண்டையும் சிநேகமும் ஒரே அளவு.

கரண்ட் வைக்கிற நாட்களில் பாதி தாண்டியபோது கட்டம் போட்ட இடம் சிவந்து, கறுத்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. ஒரு காலை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் கழுத்தைப் பார்த்து அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கோடையில் பூந்தமல்லிப் பக்கமெல்லாம் அம்மை. நான் சேலை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் என் வீட்டு நிலையில் வேப்பிலையைச் செருகி, குறுக்கே நின்றாள்.

"ஆத்தா வந்துகீறா. நீ வெளிய போவக் கூடாது."

இது கரண்ட் சூட்டில் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். கோணல் வாயால் சண்டை போடுவது லேசில்லை, பாதி வார்த்தை காற்றாகப் போய்விடும். மற்ற குடித்தனங்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அதைப் பூச விடாமல் கதவைச் சாத்திக்கொண்டதுதான் என்னால் முடிந்தது. அன்றைக்குக் கரண்ட் வைப்பது தவறிப்போயிற்று. அறுவைக்கும் தப்பித்து, கடைசியில் பாழாய்ப்போன வேப்பிலையால் சாகப்போகிறேனே என்று அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். சாயங்காலம் வீட்டுக்காரர் அவளிடம் பேசப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் காலை நானே அவளிடம் போனேன். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார், பார்த்த பிறகும் இது அம்மைதான் என்றால் நான் வீட்டோடு கிடக்கிறேன் என்றேன். கிளம்பினாள், கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு. பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. என் கழுத்தையும் அவள் கையையும் பார்த்தவர்கள் மெல்ல நகர்ந்துகொள்ள, இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அத்தனை நாளில் அன்றுதான் நான் பட்டணம் வரை உட்கார்ந்து போனேன்.

கரண்ட் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் என்னைப் போன்ற நோயாளிகள் காத்திருந்தார்கள். ஒருவருக்குத் தொண்டையில், ஒருத்திக்குத் தோளுக்குக் கீழே, இன்னொருவருக்குத் தாடையில். எல்லோருக்கும் ஊதாக் கோடு, கோட்டுக்குள் மட்டும் கறுப்பு. அக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, ஒவ்வொருவரையும் குனிந்து பார்த்தாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் தானே காலரை விலக்கிக் காட்டினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆத்தா கோடு போட்டுகினு வரமாட்டா," என்றாள்.

வீடு திரும்பியதும் வேப்பிலையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இர்க்கட்டும். இது இருந்தா எவளும் தாளிக்க மாட்டா."

 அப்போது என் வாயெல்லாம் வெந்து, எச்சில் வற்றிக் கிடந்தது. கடுகு வெடிக்கிற வாசனை வந்தாலே குடலைப் புரட்டும். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வடை சுட்டுப் பிழைக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? நான் வாந்தி எடுப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அம்மை கண்ட இடத்தில் தாளிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம், அதை எனக்காகப் பிடித்துக்கொண்டாள். மாங்காட்டு அம்மன் கோயிலில் பூ போட்டுக் கேட்டதாகவும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டதாகவும் லைன் முழுக்க ஒரு புளுகு புளுகினாள். அவள் வாணலியும் அன்றிலிருந்து அடுப்பில் ஏறவில்லை. அவித்த கொழுக்கட்டையைக் கொண்டுபோய் விற்றாள், பாதிக்குமேல் மிஞ்சித் திரும்பி வரும். எனக்குக் கூழும் மோரும் கரைத்துக் கொடுத்தாள். அம்மைக்கு அதுதான் பத்தியம். என் தொண்டையில் இறங்கியதும் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் கரண்ட் தவறவில்லை.

எல்லாம் முடிந்து, தோல் உரிந்து ஆறியபின், இனித் தலைக்குக் குளிக்கலாம் என்றார் டாக்டர். மறுநாளே அக்கா தவலைத் தண்ணீரில் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்துவிட்டாள். அம்மையே இல்லையே, அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கு எனக்கு எதற்கு என்று கேலி செய்தேன். லைன் ஜனங்கள் பார்க்கிறார்கள், சும்மா உட்கார் என்று அதட்டி, கிணற்றடியில் உட்காரவைத்துச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். வாரக்கணக்கில் தண்ணீர் காணாத கழுத்து. பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடைசிச் சொம்பை ஊற்றிவிட்டு அக்கா தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எம் புள்ளைக்கு ஒரு தண்ணிகூட ஊத்த உடாம ஆத்தா இட்டுகினு பூட்டா. ஒனக்கு ஊத்திட்டேன்."

அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது. முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். தலை காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.