சர்வர் அறைச் சாவி

மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய மேருவில் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றில் பவுனம்மாள் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். முதல் பத்து வருஷம் பேக்கிங் மேசையில் நின்று கையுறை எண்ணினாள். அப்புறம் கிள்ளானில் சாயங்கால வகுப்புக்குப் போய் டைப்பிங் கற்று, ஆபீஸில் உட்கார்ந்து பெட்டிகளின் லாட் எண்களைத் தட்டத் தொடங்கினாள். தொண்ணூற்றைந்தில் தொழிற்சாலைக்கு டேட்டாபேஸ் சர்வர் வந்தபோது அந்தக் குளிர் அறையைக் கட்டிக்கொண்டு அழ ஒருவரும் முன்வரவில்லை. "நான் பார்த்துக்கறேன் பாஸ்" என்றவள் இவள் ஒருத்திதான். முதலாளி தம்புசாமி அறைச் சாவியை அவள் பக்கம் எறிந்தார். கொடுத்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், மலாய் இடைநிலைப்பள்ளியில் மூன்று வருஷம், அவ்வளவுதான் அவள் படிப்பு. இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற சமாசாரம். அதனாலேயே ஒரு பழக்கம் வந்தது. திரையில் என்ன வந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பாள், புரிந்தாலும் புரியாவிட்டாலும் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். சர்வரைப் பொருத்த வந்த இன்ஜினியர் இரண்டு நாள் எந்தெந்தப் பொத்தானை அழுத்தினான் என்பதுகூட அதில் இருந்தது. ஆபீஸில் இருந்தவர்கள் அதை 'பவுனு புராணம்' என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றேழு அக்டோபர். சுமத்ராவில் காடு எரிந்து, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் புகைமூட்டம். அதற்காகச் சரஸ்வதி பூஜை நின்றுவிடுமா? வெள்ளிக்கிழமை காலையிலேயே மெஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. படத்துக்கு முன்னால் ஸ்பேனர், கத்தரி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் குவிந்தன. பவுனம்மாளுக்குப் புத்தகம் என்றால் சர்வரில் உள்ளதைப் பிரதி எடுத்து வைக்கும் டேப்தான். சரஸ்வதிக்கு முன்னால் பழைய டேப்பை வைக்க மனம் வராமல், சர்வரின் மாஸ்டர் டேட்டாபேஸை அன்று காலை புதிதாகப் பிரதி எடுத்து, மஞ்சள் தடவிய துணியில் சுற்றி வைத்தாள். எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது, யாரை உள்ளே விடலாம் என்று சர்வர் தன் கணக்குவழக்கை எழுதி வைத்திருக்கும் இடம் அந்த மாஸ்டர். அது இல்லாவிட்டால் சர்வருக்குத் தன் வீட்டுக்கே வழி தெரியாது.

"கன்னையாண்ணே, பத்து நிமிஷம். சர்வர முறையா மூடிட்டு வந்துடறேன்" என்றாள், பூக்களைச் சரிசெய்துகொண்டே.

பாய்லர் ஃபோர்மன் கன்னையாதான் வருஷா வருஷம் தீபம் காட்டுகிறவர். தீபம் காட்டும்போது எந்த மெஷினும் சத்தம் போடக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். பாவம், இவளை நடக்க வைப்பானேன் என்று நினைத்துத் தானே சர்வர் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். யு.பி.எஸ். பெட்டி கீக் கீக் என்று கத்தியது. அதன் கழுத்தையும் நெரித்துவிட்டுத் திருப்தியாக வந்து கற்பூரம் ஏற்றினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பூஜை முடிந்து போட்டால் சர்வர் எழவில்லை. மாஸ்டர் கெட்டுப்போயிருந்தது.

தம்புசாமி குதித்தார். வெளிநாட்டு ஆடிட்டர்கள் திங்கட்கிழமை காலை வருகிறார்கள். ஏதாவது ஒரு பெட்டியைத் தொட்டு, இந்தக் கையுறை எந்த நாள், எந்த லைனில் செய்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று கேட்பார்கள். பதில் முழுக்கச் சர்வருக்குள். காகிதத்தில் இருப்பது கடைசி ஆறு மாசம் மட்டும்தான்.

"கேஎல் கம்ப்யூட்டர் கம்பெனிலருந்து விஜயன் வருவான். சாவிய அவன்கிட்ட குடுத்துடு" என்றார். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சர்வர் எழுந்து வரலன்னா இனிமே அந்த ரூம் அவங்க கம்பெனி பொறுப்பு. நீ பேக்கிங்குக்கே போயிடு லா."

பவுனம்மாள் நீல நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அழுதாள். புகைமூட்டத்தில் எல்லார் கண்ணும் சிவந்திருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விஜயன் வந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பையன், கழுத்தில் டை, நுனிநாக்கில் இங்கிலீஷ். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "டேப் எங்க ஆன்டி?" என்றான்.

டேப் பூஜையில் இருந்தது. வைத்த பொருளை மறுபூஜை செய்யாமல் எடுக்கக்கூடாது. மறுபூஜைக்கு நல்ல நேரம் பதினொன்றரை. கன்னையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாமி குத்தம் ஆயிடும்மா."

"நேத்து பிளக்கப் புடுங்கறப்ப சாமிகிட்ட கேட்டீங்களாண்ணே?" என்றாள் பவுனம்மாள்.

கன்னையா தீப்பெட்டியைத் தேடினார். நல்ல நேரம் ஒன்பதே காலுக்கே வந்துவிட்டது.

விஜயன் மாஸ்டரைப் புதிதாகக் கட்டினான். அதன் மேல் டேப்பிலிருந்த பிரதியை ஏற்ற வேண்டும். ஏற்றினான். சர்வர் துப்பிவிட்டது. மறுபடி ஏற்றினான். மறுபடியும் துப்பியது. மணி பன்னிரண்டானதும் டையைத் தளர்த்தினான்.

"டேப் ரோசாக் ஆன்டி, கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் புதுசா போட்டு, பேப்பர்ல இருக்கறத கீ-இன் பண்ணிக்க வேண்டியதுதான்."

பவுனம்மாளின் கண் திரையை விடவில்லை. விஜயன் முதல் மூன்று சொல்லோடு நிறுத்திய செய்தியை அவள் விரல் வைத்துக் கடைசிவரை படித்தாள். எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை ஒத்துப்போகவில்லை என்று அதில் இருந்தது. பையிலிருந்து பவுனு புராணம் வெளியே வந்தது.

"தம்பி, நீங்க கட்டறப்ப ஆர்டர்னு ஒண்ணு கேட்டுச்சே, என்ன போட்டீங்க?"

"அது எப்பவும் உள்ளதுதான் ஆன்டி. எல்லாரும் அதான் போடுவாங்க."

"அன்னிக்கு வந்தவரு அதப் போடல. கீழ எறங்கி பைனரின்னு இருந்ததப் போட்டாரு. அம்பதாம் நம்பர். இந்தா பாருங்க."

விஜயன் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கட்டினான், இந்த முறை ஐம்பதாம் நம்பர் போட்டு.

மணி மூன்று. இப்போது வேறு வம்பு. மாஸ்டரை ஏற்றும்போது சர்வர் ஒரே ஒரு ஆளைத்தான் உள்ளே விடும். காலையில் எப்படியோ முந்திக்கொண்டவன் இப்போது நுழையப் போகும்போதெல்லாம் அந்த ஒரு இடத்தில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கவும் வழியில்லை. டேப் ஓடியது ஆபீஸ் கம்ப்யூட்டரில், அதிலுள்ள பிரதி அந்தக் கேபிள் வழியாகத்தான் வரவேண்டும்.

"எல்லா கம்ப்யூட்டரும் ஆஃப்பா?" என்று விஜயன் கத்தினான். டேப் ஓடும் ஒன்றைத் தவிர ஆபீஸ், ஸ்டோர், லோரி ஏற்றும் இடம், எல்லாம் ஆஃப். பேக்கிங் சூப்பர்வைசர் இராஜம்மா சத்தியமே செய்தாள். "பூஜைக்கு முன்னாடியே நான்தான்கா ஆஃப் பண்ணேன். பொட்டு வச்சு, துணி போட்டு மூடியாச்சு."

பவுனம்மாள் பேக்கிங் பக்கம் நடந்தாள். பத்து வருஷம் நின்ற இடம் அது. லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் மஞ்சள் துணிக்குள் மாலை போட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. திரை இருட்டு. அவள் துணியை விலக்கிக் கீழே இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. இராஜம்மா திரையை மட்டும்தான் அணைத்திருந்தாள். அந்தப் பெட்டி முந்தின நாளிலிருந்து நிமிஷத்துக்கொரு தரம் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கதவு திறந்ததும் முதல் ஆளாக அதுதான் உள்ளே போயிருக்கிறது.

"மன்னிச்சுக்கம்மா தாயே" என்று பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கினாள்.

நாலே முக்கால். விஜயன் ஏற்றினான். இந்த முறை சர்வர் துப்பவில்லை. எண்கள் ஓடின. தம்புசாமி கடிகாரத்தோடு வாசலில் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் கன்னையா விபூதித் தட்டோடு. திடீரென்று எல்லாம் நின்றது. சர்வர் தானாகவே மூடிக்கொண்டது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததே என்று விஜயன் தலையில் கை வைத்தான். "அலாமாக்! போச்சு பாஸ்."

"போகல" என்றாள் பவுனம்மாள். "கடைசி வரிய யாராச்சும் படிச்சீங்களா? மாஸ்டர் ஏத்தியாச்சு, அதனால மூடறேன்னு அதுவே சொல்லிட்டுத்தான் மூடுது. தம்பி, சும்மா மறுபடி தொறங்க."

விஜயன் திறந்தான். சர்வர் எழுந்தது. தன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கண்டுகொண்டது. பவுனம்மாள் ஒரு லாட் எண்ணைத் தட்டினாள். நாள், லைன், ஆஸ்பத்திரி, மூன்றும் வந்தன. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவே இல்லை, பல் தெரியச் சிரித்தாள். பேக்கிங் பெண்கள் கைதட்டியது பாய்லர் வரை கேட்டது. கன்னையா அவள் நெற்றியில் விபூதி பூசினார்.

"அப்ப திங்கக்கெழமலருந்து உங்க ஆளு ஒருத்தன இங்க போட்டுடு" என்று தம்புசாமி விஜயனிடம் ஆரம்பித்தார். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளத் தெரியாத மனுஷர்.

"எதுக்கு பாஸ்? மூணு தடவ என்ன காப்பாத்தினது அவங்கதான்" என்ற விஜயன், பையிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "ஆன்டி, அந்த நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?"

"இங்கயே உக்காந்து எழுதிக்குங்க தம்பி. எழுதினாத்தான் மனசுல நிக்கும்."

திங்கட்கிழமை காலை தம்புசாமி ஆடிட்டர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு வந்தார். சர்வர் அறைக் கதவு பூட்டியிருந்தது. கன்னையா தன் கையாலேயே ஓர் எலுமிச்சம்பழத்தை நூலில் கோத்து அதன் நிலையில் கட்டியிருந்தார். பவுனம்மாள் ஆபீஸ் மேசையில் தே ஓ என்கிற பாலில்லா டீ குடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு அவள் மேசைக்கு நடந்து வந்தார்.

"பவுனம்மா, ரூம காட்டணும். வந்து தொறந்து விடறீங்களா?"

அவள் தே ஓவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாலு பேரும் அவள் பின்னால் வந்தார்கள்.