பூஜ்யத்துக்கு வராத சீட்டுக்கட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கிடையில் உளுந்து பச்சைகட்டி நின்ற மாசி மாதத்தில் நடந்தது. எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் அங்கிருந்து வரும்போது ஒரு பைத்தியத்தைக் கூடவே கொண்டுவந்திருந்தார். பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டம்.

கையில் இருக்கும் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், எதிரில் நின்று சீட்டு போடுகிறவரை ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டிலிருந்து ஆறு வரை சின்னச் சீட்டு வந்தால் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து, ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கூட்டல் ஏறிக்கொண்டே போனால், சீட்டுக்கட்டில் மிச்சமிருப்பவை பெரிய சீட்டுகள் என்று அர்த்தம். பெரிய சீட்டு ஆடுகிறவனுக்குச் சாதகம். அப்போது பணத்தை ஏற்றிக் கட்ட வேண்டும். "இது சூதாட்டம் இல்லடி, கணக்கு" என்பார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து நான்தான் அவருக்குச் சீட்டு போடுவேன். கூட்டுகிற சீட்டும் கழிக்கிற சீட்டும் சரிசமம் என்பதால், ஒரு கட்டு முழுக்கப் போட்டு முடித்தால் கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். நின்றால் சரியாக எண்ணியிருக்கிறார். அவருக்காகப் போட்டுப் போட்டு எனக்கும் அது பழகிவிட்டது. என் வாய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருக்கும், மனசு தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். அவருக்குத் தப்பினாலும் எனக்குத் தப்பாது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

பழகியாயிற்று, ஆடத்தான் இடமில்லை. ராத்திரி பகல் போனில் தேடிக்கொண்டே இருந்தார். கோவா கப்பல், கொழும்பு, நேபாளம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எங்கே பார்த்தாலும் ஆறு கட்டு, எட்டுக் கட்டை ஒன்றாகச் சேர்த்து ஆடுகிறார்கள். பாதியிலேயே கலைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் மெஷினே கலைக்கிறது. எண்ணுகிறவனுக்கு அங்கே வேலையில்லை. கடைசியில், ஒரே கட்டு வைத்து, கையால் கலைத்து, கடைசிச் சீட்டு வரைக்கும் போடுகிற இடம் எங்காவது இருக்கிறதா என்று இந்த ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டு வைத்தார்.

கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. மரியாதையான குரல். தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் நடக்கிறது, ஒரே கட்டு, கையால்தான் கலைப்போம், கடைசிச் சீட்டு வரை போடுவோம் என்றது. இவர் கேட்டிருந்ததை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னது. வைக்கும்போது, "வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க. குடும்பமா வர்ற இடந்தான்" என்றது.

இவ்வளவு தேடியும் கிடைக்காத இடம், காரில் போய் வருகிற தூரத்திலா இருக்கும்? போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை என்றார். நெல் போட்ட பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். தனியாக விட மனசில்லாமல் நானும் கிளம்பினேன்.

கும்பகோணம், மாயவரம் தாண்டிப் போய்ச் சேரும்போது உச்சிவெயில். ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்குள் ஒரு பெரிய வீடு. கடல் பக்கத்திலேயே கிடந்தது. வாசலில் நிற்கும்போது காது நிறைய அலைச் சத்தம். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் சட்டென்று நின்றுவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை. ஏ.சி. குளிர் எலும்பில் ஏறியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சிரித்தபடியே எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார். டீ கொடுத்தார்கள். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

மேஜையைச் சுற்றி நாலைந்து ஆண்கள். பார்த்தால் வயல்காரர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள் மாதிரி. ஒருவரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அத்தனை பேருடைய உதடும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கோயிலில் ஜபம் பண்ணுகிறவர்கள் மாதிரி எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நானும் எண்ணினேன். முதல் கட்டு முடிந்தது. என் கணக்கு பூஜ்யத்துக்கு வரவில்லை. கூட்டலில் நின்றது. புது இடம், பதற்றம், எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கட்டு. அதே இடத்தில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. என் புத்திதான் கலங்குகிறதோ என்று பயந்தேன்.

பக்கத்து நாற்காலியில், என்னை மாதிரியே கணவருக்குப் பின்னால் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நரையோடிய தலை, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. பார்வையை மேஜையிலிருந்து எடுக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"நீயும் எண்ணுறியா தங்கச்சி?"

தலையாட்டினேன்.

"சரியா வருதா?"

"வரலக்கா."

"வராது. வீட்ல போட்டா வரும். இங்க வராது." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரரு தனக்கு மூளை போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. தூக்கத்துலயும் எண்ணுறாரு. சொன்னா காதுலயே ஏறல. நீ உன் வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிடு."

அப்போதுதான் புரிந்தது. சீட்டுக்கட்டிலிருந்து பெரிய சீட்டுகள் சிலவற்றை உருவியிருக்கிறார்கள். எண்ணத் தெரியாதவன் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்பான். எண்ணத் தெரிந்தவன்தான், இல்லாத ராஜாவும் ராணியும் வருவார்கள் என்று நம்பி மொத்தமாகக் கட்டுவான். அவனுக்காகவே பிடித்து வைத்த வீடு அது.

இவர் அந்த நேரம் கையிலிருந்ததையெல்லாம் முன்னால் தள்ளப் போனார். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கதவருகே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து கீழே சரிந்தேன். நடிப்புதான்.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். திரும்பினார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னை அவர் பார்க்கவில்லை. உதடு நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு மறுபடி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் அதே சிரிப்போடு, "தண்ணி குடுக்கச் சொல்றேன். நீங்க ஆடுங்க சார்" என்றார். மற்றவர்களில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை.

அந்த அக்காதான் எழுந்துபோய் இவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, பொண்டாட்டி கீழ கெடக்குது. எந்திரிங்க."

தூக்கத்திலிருந்து விழித்தவர் மாதிரி எழுந்து வந்து என்னைத் தூக்கினார். ஒருவரும் தடுக்கவில்லை. போன்களைக் கொடுத்தார்கள். "உடம்பப் பாத்துக்கிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். கதவைத் திறந்ததும் அலைச் சத்தம் ஒரேயடியாக வந்து காதில் மோதியது. கொண்டுபோனதில் கொஞ்சம்தான் போயிருந்தது.

காரில் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுநாள் அவருக்குத் தெரியாமல் வீட்டுச் சீட்டுக்கட்டிலிருந்து சில படச்சீட்டுகளை எடுத்து மறைத்துவிட்டு, எப்போதும்போலப் போட்டேன். நம்பி நம்பி ஏற்றிக் கட்டினார், நம்பி நம்பித் தோற்றார். மறைத்து வைத்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நீ விழுந்தது எனக்குக் கேக்கவே இல்லடி" என்றார். அழுதுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு இல்லை.

அந்த அக்காவையும் அவர் கணவரையும் எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று அந்த வாரமே ஊர்ப் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. மாத வாடகைக்கு இருந்தவர்கள், காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள் என்றார் தோப்பில் சுள்ளி பொறுக்கிய ஒரு அம்மா. எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. வந்த போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. தன் புருஷனை எழுப்ப முடியாத ஒரு பெண் என் புருஷனை எழுப்பி அனுப்பிவிட்டு, திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதை நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் தூங்குகிற இவர் உதட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.