முன் சீட்டில் வந்தவர்

இன்று சென்னை ஏர்போர்ட்டிலிருந்து பாண்டிச்சேரிக்கு என் டாக்ஸியில் ஒரு குடும்பம். பிரான்சிலிருந்து வந்த கணவன், மனைவி, மகள்.

மூவரும் பின்னால் ஏறும் முன், கணவர் முன் சீட்டில் ஒரு பையை வைத்து, "பப்பா, ஏறுங்க" என்றார்.

பையில் அவருடைய அப்பாவின் அஸ்தி.

"நம்ம ஊர் கடல்லதான் கரைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு."

பையின் கனத்துக்கு சீட் பெல்ட் அலாரம் அடித்தது. பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

வழியெல்லாம் அவர் பையிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"பப்பா, மரக்காணம் வந்துடுச்சு."

"பப்பா, கனகசெட்டிக்குளம். நம்ம ஊரு வந்துட்டோம்."

சொல்லாவிட்டால் அப்பா வழியிலேயே தங்கிவிடுவாராம்.

நெல்லித்தோப்பில் வீடு. சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே ஓடிவந்தார்கள். அந்த அமளியில் பெல்ட்டைக் கழற்றி, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

தெருமுனை திரும்பினேன். மறுபடி அலாரம். முன் சீட் காலி.

அப்போதுதான் உறைத்தது. "ஏறுங்க" என்றவர், "இறங்குங்க" என்று சொல்லவே இல்லை.

ஓரம்கட்டி, காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினேன். அலாரம் நின்றது. வண்டிக்கு வெளியே நின்றுதான் இதை எழுதுகிறேன்.

மகன் சொன்னால்தான் இறங்குவாரா, டிரைவர் சொன்னாலும் இறங்குவாரா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கு அந்த சீட்டில் ஒரு கல்யாண மாப்பிள்ளை உட்கார வேண்டும்.